பாதிரிக்குடியார் ரக்ஷை: அரிட்டாபட்டி மலைப்பாதையில் படித்த வரலாறு

முதல் தடவை போனபோது அந்தக் கல்வெட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். சாப்பிட்டு முடித்து, குகைக்குள் எட்டிப் பார்த்து, நாலு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டோம். 2016 மார்ச் மாதம், உச்சி வெயில். எழுத்து எங்கள் தலைக்கு மேலேயே இருந்தது. மூன்று பேரில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: “மேல எழுத்து இருக்குமே, பாத்தீங்களா தம்பி?”

“எங்க ஐயா? ஒண்ணும் தெரியலையே.”

“மத்தியானம் வந்தா எப்படித் தெரியும்? வெயில் சாஞ்சு விழுகையில வாங்க. எழுத்து தானா எந்திரிச்சு நிக்கும்.”

அவர் சொன்னது அப்படியே பலித்தது. அதற்குப் பிறகு அரிட்டாபட்டிக்கு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டேன். ஒவ்வொரு தடவையும் வேறு ஒரு பாதை, வேறு ஒரு பாறை. 2024 நவம்பரில் இந்த மலைகளைச் சுற்றியுள்ள நிலம் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் போனபோது, மேலூர் வட்டாரமே ஒரே குரலில் எழுந்து நின்றது. இரண்டரை மாதத்தில் ஏலம் ரத்தானது. மலையையும் அதைச் சுற்றிய ஊரையும் பிரிக்க முடியாது என்பதுதான் அவர்கள் வாதம். ஒரு கிராமத்துக்கு அந்த வாதம் எங்கிருந்து கிடைத்தது என்று யோசித்தால், எனக்கு இந்த மலைப்பாதைதான் நினைவுக்கு வருகிறது. எதை எங்கே பார்த்தோம், பார்த்தது என்ன சொல்லித் தந்தது, அது பின்னால் எப்படிப் பயன்பட்டது என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

ஊரும் மலையும்

மதுரைக்கு வடகிழக்கே சுமார் 25 கிலோமீட்டர். மேலூர் சாலையிலிருந்து இடது பக்கம் திரும்பி உள்ளே போக வேண்டும். ஊரைச் சுற்றி ஏழு குன்றுகள். கழிஞ்சமலை, நாட்டார்மலை, ராமாயிமலை, தேன்கூட்டுமலை என்று ஒவ்வொன்றுக்கும் ஊரில் பெயர் உண்டு. எல்லாம் மொட்டைப் பாறைகள். தூரத்தில் இருந்து பார்த்தால் யானைகள் கூட்டமாகப் படுத்திருப்பது போல இருக்கும். இடையிடையே கண்மாய்கள், வயல்கள், பனைகள்.

2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டியிலும் பக்கத்து மீனாட்சிபுரத்திலுமாகச் சுமார் 193 ஹெக்டேர் பரப்பைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் இதுதான் முதலாவது. 250 வகைப் பறவைகள், அவற்றில் லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, ராசாளிக் கழுகு என்று மூன்று முக்கியமான வேட்டைப் பறவைகள். அழுங்கு, மலைப்பாம்பு, தேவாங்கு. 72 ஏரிகள், 200 சுனைகள், மூன்று தடுப்பணைகள். இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த 200 சுனைகள்தான். கீழே நின்று பார்த்தால் சொட்டுத் தண்ணீர் நிற்காத வழுக்கைப் பாறை போலத்தான் தெரியும். ஏறிப் பார்த்தால் பாறைக் குழிவுகளில் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும்.

கழிஞ்சமலை

நடை தொடங்குவது கண்மாய்க் கரையில். கரையை ஒட்டிப் போனால் கழிஞ்சமலையின் ஒரு பக்கத்தில் பாறையைக் குடைந்த சின்னச் சிவன் கோயில். ஊரில் இதை இடைச்சி மண்டபம் என்கிறார்கள். முற்காலப் பாண்டியர் காலத்தது, 7 அல்லது 8ஆம் நூற்றாண்டு. உள்ளே இருக்கும் லிங்கமும் தாய்ப்பாறையிலேயே செதுக்கியது; வேறு கல்லைக் கொண்டுவந்து வைக்கவில்லை. வெளிச்சுவரில் இரண்டு மாடங்கள். ஒன்றில் பிள்ளையார். அவரை யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இன்னொன்றில் தண்டு ஏந்தி உட்கார்ந்திருப்பவரைத்தான் பலரும் யாரென்று தெரியாமல் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

அவர் லகுலீசர். பாசுபதம் என்ற பழைய சைவப் பிரிவின் குரு. குஜராத்தில் உள்ள காயாரோகணம் என்ற தலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுபவர். தமிழ்நாட்டில் அவருடைய சிற்பம் அபூர்வம். நாகைக்காரோணம், குடந்தைக்காரோணம் என்று தேவாரத்தில் வரும் கோயில் பெயர்களைக் கேட்டிருப்போம். அந்தக் ‘காரோணம்’ இந்தக் காயாரோகணத்திலிருந்து வந்தது என்பது ஆய்வாளர்கள் கருத்து. நாகப்பட்டினம் துறைமுகம், கும்பகோணம் பெரிய ஊர். அங்கெல்லாம் தூரத்து மரபு ஒன்று வந்து தங்கியதில் ஆச்சரியம் இல்லை. மேலூருக்கு உள்ளே, நாலு வயலுக்கு நடுவே இருக்கும் இந்தக் குன்றுக்கு அது எப்படி வந்தது? அந்தக் கேள்வியோடுதான் ஒவ்வொரு தடவையும் மேலே ஏறுகிறேன். பதில் கோயிலில் கிடைக்கவில்லை. மேலே குகையில் கிடைத்தது.

ஏற்றம் கடினமில்லை. ஆனால் பாறை சரிவு. மழை பெய்த மறுநாள் போகக் கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவதுதான் ஊர்க்காரர்கள் வழக்கம், அதுதான் பாதுகாப்பும். வெறுங்காலுக்குப் பாறை நன்றாகப் பிடி கொடுக்கும்.

குகை என்றதும் சுரங்கம் போல எதையோ எதிர்பார்க்க வேண்டாம். பெரிய பாறை ஒன்று குடை மாதிரி முன்னால் நீண்டு நிற்கிறது. அதன் நிழல்தான் குகை. நீண்டிருக்கும் நெற்றியில் ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். மழை பெய்தால் தண்ணீர் பாறையோடு வழிந்து உள்ளே வரும் அல்லவா? அது காடியில் வந்து தடைப்பட்டு வெளியே சொட்டிவிடும். நம் வீட்டு ஜன்னல் சன்ஷேடின் அடியில் கொத்தனார் ஒரு கோடு இழுப்பாரே, அதே வேலை. அந்தக் காடியை ஒட்டித்தான் எழுத்து.

இரண்டாவது தடவை பெரியவர் சொன்னபடி சாய்வெயிலுக்குப் போனோம். முதல் ஐந்து நிமிடம் பாறையின் சொரசொரப்பு மட்டும்தான் தெரிந்தது. அப்புறம் நண்பர் ஒரு கூட்டல் குறியைப் பார்த்தார். தமிழி, அதாவது தமிழை எழுதிய பழைய பிராமி எழுத்தில் கூட்டல் குறி என்றால் ‘க’. அதன் மேல் கொம்பு மாதிரி ஒரு கோடு ஒட்டியிருந்தால் உயிர்க்குறி. ஒன்றைப் பிடித்துவிட்டால் போதும், பக்கத்து எழுத்துகள் வரிசையாக எழுந்து வரும். நிமிர்ந்த கோட்டின் அடியில் படுக்கைக் கோடு போட்டால் ‘ந’. சின்ன வட்டத்தின் தலையில் ஒரு கோடு நின்றால் ‘வ’. ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் ஒரு பக்கம் நிழல், ஒரு பக்கம் வெளிச்சம். பெரியவர் ‘எந்திரிச்சு நிக்கும்’ என்றது இதைத்தான்.

அந்த வரி இது: “நெல்வெளிஇய் சிழிவன் அதினன் வெளியன் முழாகை கொடுபிதோன்.” நெல்வேலியைச் சேர்ந்த செழியன் அதினன் வெளியன் இந்தக் குகையை வெட்டுவித்தான் என்று பொருள். காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டை ஒட்டியது. முழாகை என்றால் முழை, குகை. ‘கொட்டுபித்தோன்’ என்பதை ஒற்றெழுத்துகளை விட்டுவிட்டு ‘கொடுபிதோன்’ என்று எழுதியிருக்கிறார்கள். அன்றைக்கு எழுதும் முறை அப்படி. கொட்டு, கொத்து என்று சொல்லும்போது எனக்கு எங்கள் தெருவில் அம்மி கொத்த வருகிறவரின் குரல்தான் காதில் விழுந்தது. சின்ன உளி, சின்னச் சுத்தியல், டொக் டொக் என்று ஒரே சீராக விழும் அடி. இந்த எழுத்தும் அப்படி விழுந்ததுதான்.

அதே பாறை நிழலில் இன்னொரு கல்வெட்டு 2003இல் தெரியவந்தது. இலஞ்சி வேளின் மகன் எமயவன் இந்த முழையைச் செய்வித்தான் என்கிறது அது. பாருங்கள், ஒருவன் நெல்வேலிக்காரன். இன்னொருவன் குற்றாலத்துக்குப் பக்கத்து இலஞ்சியைச் சேர்ந்தவன். இரண்டும் இங்கிருந்து நூறு மைலுக்குத் தெற்கே உள்ள ஊர்கள். பேருந்து இல்லாத காலத்தில், தன் ஊரைப் பெயரோடு சேர்த்துச் சொல்லிக்கொள்கிற இரண்டு பேர் இந்தக் குன்றில் ஏறிச் சமணத் துறவிகளுக்குக் குகை சமைத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்றால், தெற்கிலிருந்து இந்தப் பக்கம் ஆள் நடமாடும் வழி இருந்திருக்க வேண்டும். ஆயிரம் ஆண்டு கழித்து லகுலீசர் வந்ததும் அப்படி ஒரு வழியில்தான் என்று நினைக்கிறேன்.

குகைக்கு வெளியே பாறையில், சமணர் வணங்கும் தீர்த்தங்கரர் ஒருவரின் புடைப்புச் சிற்பம். முக்குடையின் கீழ் அமர்ந்த நிலை. இருபுறமும் சாமரம் வீசுவோர். பூச்சும் வண்ணமும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. சிற்பத்தோடு, தமிழிக்குப் பின்னால் வந்த வட்டெழுத்தில் ஒரு கல்வெட்டு. இது தமிழிக் கல்வெட்டுகளுக்குச் சுமார் ஆயிரம் ஆண்டு பிந்தியது. திருப்பிணையன்மலையில் (இந்த மலையின் அன்றைய பெயர்) பொற்கோட்டுக் கரணத்தார் பேரால் அச்சணந்தி செய்வித்த திருமேனி என்று சொல்லிவிட்டு, கடைசியில் இரண்டே சொல்: “பாதிரிக்குடியார் ரக்ஷை.”

கரணத்தார் என்றால் கணக்கு எழுதுகிறவர்கள். அவர்கள் பெயரில் அச்சணந்தி என்ற சமணத் துறவி இந்தத் திருமேனியைச் செய்வித்தார். காப்பாற்றும் பொறுப்பு பாதிரிக்குடி ஊராருக்கு. அச்சணந்தி சாதாரண ஆள் இல்லை. ஆனைமலை, அழகர்மலை, கருங்காலக்குடி, கொங்கர்புளியங்குளம், உத்தமபாளையம் என்று மலை மலையாக அவர் பெயர் இருக்கிறது. கீழக்குயில்குடி சமணர் மலையில் அவருடைய தாயார் குணமதியார் பேரிலேயே ஒரு திருமேனி உண்டு. ஒரு வருஷம் ஞாயிறுதோறும் மதுரை மலைகளில் ஏறினால் ஐந்தாறு இடத்தில் அவரைச் சந்தித்துவிடலாம். ‘இவரா! போன மாதம் பார்த்தோமே’ என்று தெரிந்தவரைப் பார்த்த மாதிரி ஒரு சந்தோஷம் வரும். புத்தகத்தில் அடுத்தடுத்த பக்கத்தில் அவர் பெயரைப் படித்தபோது எனக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை.

ஓவாமலை

மீனாட்சிபுரத்தில் இருக்கும் ஓவாமலையை வரலாற்றுப் புத்தகங்கள் மாங்குளம் என்று குறிப்பிடும். தமிழி எழுத்து முதன்முதலில் கண்ணில் பட்டது இங்கேதான். 1882இல் ராபர்ட் சிவெல் பார்த்தார். அதை யாராலும் சரியாகப் படிக்க முடியவில்லை. எழுத்து பிராமி மாதிரி இருந்ததால் மொழியும் பாலி, பிராகிருதமாக இருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். 1924இல் கல்வெட்டு அறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர்தான் இது தமிழ் என்று எடுத்துச் சொன்னார். 1960களின் நடுவில் இன்னொரு கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் அதில் நெடுஞ்செழியன் என்ற பெயரைப் படித்தார். சங்கப் பாடல்களில் மட்டும் இருந்த ஒரு பாண்டியப் பெயர் கல்லில் கிடைத்தது.

கழிஞ்சமலையை விட இங்கே ஏற்றம் கொஞ்சம் அதிகம். மேலே போனால் குகைகளில் வழவழவென்று தேய்த்த கற்படுக்கைகள். தலை வைக்கும் பக்கம் தலையணை போல மேடாக விட்டிருப்பார்கள். ஊர்களில் இதைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்று சொல்வார்கள். மொத்தம் ஆறு கல்வெட்டுகள். கணி நந்தாசிரியன் என்ற துறவிக்கு, நெடுஞ்செழியனின் பணவன், அதாவது அலுவலன், கடலன் வழுதி என்பவன் இந்தப் பள்ளியைக் குடைவித்தான் என்கிறது ஒன்று. பள்ளி என்றால் அன்றைக்குத் துறவிகள் தங்கும் இடம். இன்றைக்குப் பிள்ளைகள் போகும் பள்ளிக்கூடத்திலும் அதே சொல் இருக்கிறது.

எனக்கு இன்னொரு கல்வெட்டுதான் மனதுக்கு நெருக்கமானது. ‘நெடுஞ்செழியனின் சாலகன் இளஞ்சடிகனின் தந்தை சடிகன் செய்த பள்ளி’ என்பது அதன் பொருள். சாலகன் என்றால் மைத்துனன் முறை. ஒரு தர்மம் செய்த மனிதன் தன்னை எப்படி அடையாளம் சொல்கிறான் பாருங்கள்: ராஜாவுக்கு மச்சினன் முறை ஆகும் பையனுடைய அப்பா. மேலூர்ப் பக்கம் இன்றைக்கும் புது ஆளைக் கண்டால் ‘இவர் யாரு?’ என்று கேட்க, ‘நம்ம இன்னாரோட மச்சான் இருக்காப்லல்ல, அவங்க அப்பா’ என்றுதான் பதில் வரும். 2,200 ஆண்டுக்கு முந்தைய பாறையில் அதே பேச்சு.

மூன்றாவதாக ஒன்று. “வெள்அறைய் நிகமதோர் கொடிஓர்.” வெள்ளறை என்ற ஊரின் நிகமத்தார், அதாவது வணிகக் கூட்டத்தார், செய்த கொடை. வெள்ளறை என்பது பக்கத்து வெள்ளரிப்பட்டியாக இருக்கலாம் என்பது மகாதேவன் கருத்து. மலை மேல் நின்றுகொண்டு இதைப் படித்துவிட்டுத் திரும்பிக் கீழே பார்த்தால், வயல்களுக்கு நடுவே அந்த ஊர்கள் எல்லாம் தெரிகின்றன. அலுவலன், வணிகர், அரச உறவினன் எல்லோரும் கீழேயிருந்து நடந்து ஏறி வந்தவர்கள்தான். தொல்லியல் துறை 2007 வாக்கில் இந்த மலையில் அகழாய்வு செய்தபோது செங்கல் கட்டடம் ஒன்றின் அடித்தளமும் கூரை ஓடுகளும் கிடைத்தன. செங்கலையும் ஓட்டையும் இந்தச் சரிவில் யாரோ தலைச்சுமையாகச் சுமந்திருக்கிறார்கள். ஒரு தண்ணீர் பாட்டிலோடு ஏறிவிட்டு மூச்சு வாங்கி நின்றபோதுதான் அந்தச் சுமை எனக்குப் புரிந்தது.

ஏன் இந்த இடம்?

சமணத் துறவி ஊருக்குள் குடியிருக்க மாட்டார். அதற்காக ஊரை விட்டு வெகுதூரமும் போக முடியாது. அன்றாட உணவு ஊரிலிருந்து வர வேண்டும். அதனால் அவருக்கு வேண்டியது ஊர்ச் சத்தம் கேட்காத, ஆனால் ஊருக்கு நடந்து போய்த் திரும்பக்கூடிய மலை. தண்ணீர் வேண்டும், அதற்குச் சுனை. மழை ஒதுங்க இடம் வேண்டும், அதற்குப் பாறை நிழல். காசும் மனமும் உள்ள வணிகர் நடமாட்டம் வேண்டும், அதற்குப் பெருவழி. நாலும் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. மதுரையைச் சுற்றிச் சமணக் குகை இருக்கும் எந்த மலைக்குப் போனாலும் இந்த நாலையும் தேடிப் பாருங்கள். அழகர்மலைக் குகையில் உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன், மதுரைப் பொற்கொல்லன் என்று ஒரு சந்தையே கல்வெட்டில் வரிசையாக நிற்கிறது. கொழு என்றால் ஏர்க்கொழு, அறுவை என்றால் துணி.

அந்த நாலில் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். சுனை நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் பாறைச் சரிவில் ஓடி முதல் கண்மாயில் விழும். அது நிரம்பினால் கலிங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். ஒரு தடவை மழைக்கு மறுவாரம் போயிருந்தோம். பாறையில் வழிந்த தண்ணீரின் கறுப்புத் தடத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கினோம். தடம் ஓடைக்குப் போனது, ஓடை கண்மாய்க்கு, கண்மாய் மடை வயலுக்கு. மலை எங்கே முடிகிறது, ஊர் எங்கே தொடங்குகிறது என்று நடந்து பார்த்தவனால் கோடு போட்டுக் காட்ட முடியாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பகுதிக்கு வேண்டும்.

2024 நவம்பர் முதல்

மேலூர் வட்டாரத்துக்குக் கல் உடைப்பது புதிதில்லை. கிரானைட்டுக்காகப் பல குன்றுகள் இருந்த இடம் தெரியாமல் போயிருக்கின்றன. கீழவளவுப் பக்கம் போனால் மலை இருந்த இடத்தில் சதுரம் சதுரமாக வெட்டிய பள்ளங்களைப் பார்க்கலாம். அந்த முறைகேடுகளை விசாரிக்க 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயத்தை நியமித்தது பலருக்கும் நினைவிருக்கும். அரிட்டாபட்டிக்காரர்கள் அந்தக் காலத்திலேயே தங்கள் மலையில் குவாரி வராமல் போராடித் தடுத்தவர்கள். 2010 வாக்கில் ஆனைமலையைச் சிற்ப நகரமாக்கும் பேச்சு எழுந்தபோது நரசிங்கம் ஊரார் எதிர்த்தார்கள். அதையொட்டி எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடை, மாதம் ஒரு மலை என்று மதுரை மக்களை அழைத்துப் போய்க் கல்வெட்டுகளைக் காட்டியது. குடும்பம் குடும்பமாக ஆயிரக்கணக்கானோர் இந்த மலைகளை நேரில் பார்த்தது அதனால்தான்.

2024 நவம்பர் 7ஆம் தேதி நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதிக்கான ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக மத்திய அரசு அறிவித்தது. பரப்பு 2,015 ஹெக்டேருக்கு மேல். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் உட்படப் பல ஊர்கள் அதற்குள். பல்லுயிர் தலமாக அறிவிக்கப்பட்ட 193 ஹெக்டேர் அந்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்குதான்.

விவகாரத்தின் முடிச்சு அந்தப் பத்தில் ஒரு பங்கில்தான் இருந்தது. நவம்பர் 23இல் கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9இல் தமிழ்நாடு சட்டமன்றம் திட்டத்தை ரத்து செய்யக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. டிசம்பர் கடைசியில் மத்திய அரசு, பல்லுயிர் தலத்தைத் தவிர்த்துவிட்டுத் தொகுதியின் எல்லையை மாற்றலாமா என்று ஆராயும்படி இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தைக் கேட்டது. வரைபடத்தை வைத்துப் பார்க்கிறவருக்கு இது நியாயமான தீர்வாகத்தான் தெரியும். மலையை விட்டுவிடுகிறோம், சுற்றியுள்ளதை எடுத்துக்கொள்கிறோம்.

அந்த வாரம் நான் ஊரில் இருந்தேன். மந்தையில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “மலைய விட்டுட்டு வயலத் தோண்டுவாகளாம். மலைத்தண்ணி எங்க போயி விழுகும்? குழிக்குள்ளயா?” அந்த ஒரு கேள்விக்கு வரைபடத்தில் பதில் இல்லை. எனக்கு ஓவாமலைக் கல்வெட்டுகள் நினைவுக்கு வந்தன. வெள்ளறை நிகமத்தார் இல்லாமல் அந்தப் பள்ளி இல்லை. பாதிரிக்குடியார் இல்லாமல் கழிஞ்சமலைத் திருமேனிக்குக் காவல் இல்லை. மலையில் இருக்கும் எழுத்தே கீழே இருக்கும் ஊர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. ஊரைத் தோண்டிவிட்டு எழுத்தை மட்டும் வேலி போட்டு வைத்தால் அந்த எழுத்து யாரைப் பற்றியது என்று யாரிடம் காட்டுவது?

2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையத்தை நோக்கி ஆயிரக்கணக்கானோர் பேரணியாகப் புறப்பட்டார்கள். கடைகள் அடைக்கப்பட்டன. ஜனவரி 22இல் ஊர்ப் பிரதிநிதிகள் டெல்லியில் சுரங்கத் துறை அமைச்சரைச் சந்தித்தார்கள். மறுநாள் ஏலம் ரத்து என்ற அறிவிப்பு வந்தது. ரத்துக்குக் காரணமாக அரசு சொன்னதில் இந்தப் பகுதியின் பல்லுயிர் பாரம்பரியமும் பண்பாட்டு மரபும் இருந்தன.

இதில் அரசியல் கட்சிகளுக்கும் விவசாய சங்கங்களுக்கும் வணிகர்களுக்கும் பங்கு உண்டு. அவர்கள் இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனால் 2022 அறிவிப்பு இல்லாவிட்டால் கையில் பிடித்துக்கொள்ள ஒரு காகிதம் இருந்திருக்காது. அந்த அறிவிப்பு வரும்படி செய்ததில், பல வருஷம் மலையில் ஏறிப் பறவைகளை எண்ணியவர்களுக்கும் சுனைகளைக் கணக்கெடுத்தவர்களுக்கும் கல்வெட்டைப் படித்துச் சொன்னவர்களுக்கும் பங்கு இருக்கிறது. எந்தக் கண்மாய்க்கு எந்தப் பாறையிலிருந்து தண்ணீர் வருகிறது என்று சொல்லத் தெரிந்தது ஆடு மேய்ப்பவர்களுக்கு.

சாக்பீஸ்

நடக்கப் போகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பல வருஷத்துக்கு முன்னால் வேறு ஒரு மலையில், எழுத்து படத்தில் தெளிவாக விழ வேண்டும் என்று கல்வெட்டின் மேல் சாக்பீஸால் கோடு இழுத்தேன். கூட வந்த மூத்த கல்வெட்டு ஆர்வலர் ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். பாறையின் இயற்கை வெடிப்பையும் உளித் தடத்தையும் பிரித்துப் படிப்பதுதான் கல்வெட்டுப் படிப்பில் கஷ்டமான வேலை. நான் ஒரு வெடிப்பின் மேல் கோடு இழுத்து இல்லாத எழுத்தை உண்டாக்கியிருந்தேன். அடுத்து வருகிறவர் என் தப்பையும் சேர்த்துத்தான் படிப்பார். அந்த வெள்ளைக் கோடு இன்னும் எனக்கு உறுத்துகிறது.

முறையாகப் படி எடுப்பவர்கள் ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கச் செய்து, அதன் மேல் மையை ஒற்றி மைப்படி எடுப்பார்கள். பள்ளம் வெள்ளையாகவும் மேடு கறுப்பாகவும் விழும். அது பயிற்சி பெற்றவர்கள் அனுமதியோடு செய்கிற வேலை. நமக்குச் சாய்வெயில் போதும். வெயில் இல்லாவிட்டால் டார்ச்சைப் பாறைக்குப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், அதே நிழல் விழும். தொட வேண்டியதே இல்லை. அப்புறம், வேட்டைப் பறவைகள் கூடு வைக்கும் மாதங்களில் உச்சிப் பாறைப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. எந்த மாதம், எந்தப் பாறை என்று ஊரில் கேட்டால் சொல்வார்கள்.

2025 பிப்ரவரியில், ஏலம் ரத்தான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போனேன். அதே பெரியவர், ஆடுகள் மட்டும் குறைந்திருந்தன. தீர்த்தங்கரர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வட்டெழுத்து வரியைப் படித்துச் சொன்னேன். அவர் பிறந்ததிலிருந்து பார்த்த சிற்பம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டது அன்றைக்குத்தான்.

“ரக்ஷைன்னா?”

“காவல், ஐயா. இதக் காப்பாத்துறது பாதிரிக்குடி ஊர்க்காரங்க பொறுப்புன்னு எழுதி வச்சிருக்காங்க.”

“எம்புட்டு வருசம் இருக்கும்?”

“ஆயிரத்துக்குப் பக்கம், கூடவும் இருக்கும்.”

கொஞ்ச நேரம் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், பேரன் எட்டாவது படிக்கிறான், அவனுக்குக் காட்ட வேண்டும், நம்ம எழுத்துல எழுதிக் குடுங்க தம்பி என்றார். குறிப்பேட்டில் ஒரு தாளைக் கிழித்துப் பெரிய எழுத்தில் முழு வரியையும் எழுதிக் கொடுத்தேன். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சுனைப் பக்கம் போய்விட்ட ஆடுகளை ஓட்டி வர எழுந்து போனார்.